கிராவல் குவாரியும் "ஒண்ணுமில்ல" அறிக்கையும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காரமும் கொஞ்சம் தூக்கல். மொக்கை எதிர்பார்த்து வந்த நண்பர்கள் அடுத்த பதிவு வரைக்கும் பொறுத்தருள்க. பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி வெச்சுக்கோங்க. கல்பாக்கத்துக்காரங்களா இருந்தா அது பாலாத்துத் தண்ணியா இருக்கலாம், அது இன்னும் விசேஷம் :-)

செங்கல்பட்டு மாவட்டத்துல எந்த ஊர் டீக்கடையில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "அண்ணே, அந்தக் குன்று பக்கம் என்ன இருக்கு?" "அங்க ஒண்ணுமில்லப்பா, வெறும் முள்ளுக்காடு." "ஆத்துல?" "ஒண்ணுமில்ல, வெறும் மணலு." "ஏரி உள்வாயில?" "மே மாசத்துல அங்க என்ன இருக்கப் போவுது? காஞ்சு கெடக்கு."

டீக்கடையில சொல்ற "ஒண்ணுமில்ல"வால யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா அதே "ஒண்ணுமில்ல"வை ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கலர் மேப் ஒட்டி, மேலே "சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு" என்று அச்சடித்து அரசாங்கத்திடம் கொடுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அடுத்த நாள் பொக்லைன் இறங்குகிறது.

ஜல்லி, கிராவல், சவுடு, மணல் எடுப்பதால் காட்டுயிர்களுக்குப் பாதிப்பு உண்டா இல்லையா என்று எல்லோரும் சண்டை போடுகிறோம். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அங்கே என்ன இருந்தது என்று யாராவது நேர்மையாக எண்ணிப் பார்த்தார்களா? எண்ணவில்லை என்பது மட்டுமல்ல என் குற்றச்சாட்டு. எண்ணவே முடியாதபடி நமது முறையை அமைத்து வைத்திருக்கிறோம் என்பதுதான். எப்படி என்று சொல்கிறேன்.

*

முதலில் அந்த "ஒண்ணுமில்லாத" இடத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஆற்று மணல். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைத் தொட்டு, நம்ம வாயலூரில் கடலைச் சேர்கிறது. மொத்தம் 348 கி.மீ, அதில் 222 கி.மீ தமிழ்நாட்டில். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் போகும்போது எட்டிப் பார்த்தால் வருஷத்தில் பாதி நாள் மணலும் கோரையும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த வெறும் மணலில்தான் பட்டாணி உப்புக்கொத்தி முட்டையிடும். கூடெல்லாம் கட்டாது. கூழாங்கல்லுக்கு நடுவே ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். முட்டையும் கூழாங்கல் நிறத்திலேயே இருக்கும். ஒரு அடி தள்ளி நின்றால்கூடத் தெரியாது. ஆள்காட்டி, கண்கிலேடி எல்லாம் இதே கட்சிதான், தரையில் முட்டையிடுகிறவை. இவை குஞ்சு பொரிக்கிற பருவமும் (மார்ச், ஏப்ரல், மே), ஆறு வறண்டு லாரி உள்ளே இறங்க வசதியாக இருக்கிற பருவமும் ஒன்றே. டாரஸ் டயருக்கு முட்டை எது கூழாங்கல் எது என்று தெரியாது.

ஆற்றங்கரை மண்சுவர். பச்சைப் பஞ்சுருட்டானும் வெண்மார்பு மீன்கொத்தியும் மரத்தில் கூடு கட்டுவதில்லை. மண்சரிவில் சுரங்கம் தோண்டி உள்ளே முட்டையிடுகின்றன. கரையை வழித்து எடுத்தால் அவற்றுக்கு வீடு கிடையாது. இதில் ஒரு கொடுமை, சவுடு எடுத்துவிட்டுப் போன பள்ளத்தின் செங்குத்துச் சுவரைப் பார்த்து நல்ல இடம் என்று இவை நம்பி வளை தோண்டும். அடுத்த நடைச்சீட்டு வந்ததும் பொக்லைன் திரும்பி வந்து அதே சுவரில் கை வைக்கும்.

ஏரி உள்வாய். "காஞ்சு கெடக்கு" என்றோமே, அந்தச் சேற்றுக்கு அடியில் பாலாமை தூங்கிக்கொண்டிருக்கும். கோடையில் தண்ணீர் வற்றினால் மண்ணுக்குள் புதைந்து அடுத்த மழைவரை காத்திருப்பது அதன் வழக்கம். மண்ணுக்குள் புதையும் தவளைகளும் அப்படியே. மேலே நடக்கிறவருக்கு அங்கே ஒன்றுமில்லை. ஏரியில் தண்ணீர் நிற்கும்போது சவுடு எடுக்க முடியாது, வற்றினால்தான் எடுக்க முடியும். அதாவது அவை தூங்குகிற நேரம் பார்த்துத்தான் கட்டிலோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறோம்.

பாறைக் குன்றுகள். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், திருப்போரூர் பக்கம் சின்னச் சின்னதாக நிற்கும் கரடுகள். கொம்பன் ஆந்தை இந்தப் பாறை விளிம்புகளில் வெறும் தரையில் முட்டையிடும். முள்ளுக்காட்டில் உடும்பு, முயல், கீரி, காட்டுப்பூனை, நரி. விசிறித் தொண்டை ஓணான் என்று ஒரு குட்டிப் பிராணி உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் கல்மேல் ஏறி நின்று கழுத்து விசிறியை விரித்து விரித்துக் காட்டும். இந்த ஓணான் கூட்டத்தில் ஒரு புதிய இனத்துக்கு 2016-ல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள், "சிட்டானா விசிறி" என்று. ஆமாம், நம்ம தமிழ் "விசிறி"தான். தமிழ்நாட்டு வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்த பிராணிக்கு 2016 வரை பெயரே இல்லை. அந்த வெட்டவெளியைத்தான் ரெவின்யூ ரிக்கார்டில் "தரிசு" என்று எழுதி வைத்திருக்கிறோம்.

பாம்புகளை விட்டுவிட்டேனே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக இங்கேயிருந்துதான் போயிருக்கிறது. பீகாரில் ஒரு விவசாயி பாம்பு கடித்துப் பிழைத்தால் அதில் செங்கல்பட்டு முள்ளுக்காட்டுக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரும். இந்த இருளர்களில் இரண்டு பேருக்கு, வடிவேல் கோபால், மாசி சடையன், 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தோம். விருது கொடுக்கத் தெரிந்த நமக்கு அவர்கள் பாம்பு பிடிக்கிற நிலம் மட்டும் "ஒண்ணுமில்லாத இடம்"!

*

சரி, மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இங்கேதான் நுண்ணரசியல்.

2006 செப்டம்பர் 14 அன்று வந்த மத்திய அரசின் அறிவிக்கைதான் இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு இன்றைக்கும் அடிப்படை. அதில் ஆரம்பத்தில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகள் மாட்டவில்லை. நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? பெரிய குத்தகையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் 5-க்குக் கீழே கொண்டுவரும் வித்தை நாடு முழுக்க நடந்தது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சின்னக் குவாரி என்றாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு.

2016 ஜனவரியில் அதற்கு ஒரு புதுப் பாதை போட்டார்கள். 5 ஹெக்டேர் வரைக்கும் மாவட்ட அளவிலேயே ஒரு குழு அனுமதி தரலாம், முழு மதிப்பீடு வேண்டாம், மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம். 2018-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைக் கேள்வி கேட்க, அதிகாரம் மறுபடி மாநில ஆணையத்துக்குப் போனது. ஆனால் தனியாக நிற்கும் 5 ஹெக்டேர் குவாரிக்கு முழு அறிக்கை இல்லாமலே காரியம் முடிகிற வழி அப்படியே இருந்தது.

"ஏம்பா, பக்கத்துப் பக்கத்துல பத்து குவாரி இருந்தா?" என்று கேட்பீர்கள். அதற்கும் விதி இருக்கிறது. 500 மீட்டருக்குள் இருக்கிற குத்தகைகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கணக்கிட வேண்டும். விதி சரிதான். ஆனால் 500 மீட்டர் என்பது யாருடைய அளவு? சர்வேயர் சங்கிலியின் அளவு. நரிக்குத் தெரியுமா 500 மீட்டர்? ஆந்தைக்குத் தெரியுமா? நரி ஒரு ராத்திரியில் பல கிலோமீட்டர் சுற்றும். ஒரு கரட்டில் ஒரு குவாரி, 600 மீட்டர் தள்ளி அடுத்த கரட்டில் இன்னொன்று என்றால் காகிதத்தில் இரண்டுமே "சின்ன" குவாரி. அந்த நரிக்கு மொத்த ஊரும் குவாரி.

அடுத்தது பருவம். முழு மதிப்பீடு செய்யும் இடங்களிலும் வழக்கமாகக் கேட்பது மழையில்லாத ஒரு பருவத்தின் தகவல், மூன்று மாதம். காற்றுத் தூசியை அளக்க அது பொருத்தம். மழையில் தூசி அடங்கிவிடும். ஆனால் உயிரினங்களை எண்ணவும் அதே மூன்று மாதமா? நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தவளை வெளியே வருவது அப்போது. ஏரிகள் நிறைவது அப்போது. வலசைப் பறவைகள் வந்து சேருவதும், வேடந்தாங்கலில் கூடு கட்டத் தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான். இதெல்லாம் முடிந்த பிறகு ஏப்ரல் வெயிலில் போய்த் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தால் காக்கா, மைனா, ஓணான், அணில்தான் தெரியும். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் "அரிய உயிரினம் எதுவும் காணப்படவில்லை". காணப்படவில்லை என்பது உண்மைதான். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு போய் "இங்கே விருந்தாளியே இல்லை" என்று எழுதுகிற உண்மை!

அடுத்தது காசு. அறிக்கை தயாரிக்கிற ஆலோசனை நிறுவனத்துக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? குவாரி கேட்கிறவர். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டுக்காரரே ஆள் அனுப்பி, படிக்காசும் கொடுத்தால் என்ன பதில் வரும்? இதில் அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் இளைஞர்களைத் திட்டி லாபமில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி தென்பட்டதாக எழுதினால் தனியாகப் பாதுகாப்புத் திட்டம் போடு, வனத்துறையிடம் ஒப்புதல் வாங்கு என்று வேலை நீளும். மயில், உடும்பு, பாலாமை மூன்றும் அந்த முதல் அட்டவணையில்தான் இருக்கின்றன. நம்ம ஊர்களில் மயில் மாடியில் வந்து வடகத்தைக் கொத்துகிறது. ஆனால் "கண்டேன்" என்று எழுதினால் செலவு, "காணவில்லை" என்று எழுதினால் லாபம் என்றால் யாருக்குத்தான் கண் தெரியும்?

இதெல்லாம் என் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. மகாராஷ்டிராவில் ரத்னகிரிப் பக்கம் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுத்த மதிப்பீட்டு அறிக்கையில், ரஷ்யாவில் இருக்கும் ஒரு சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாகக் காப்பி அடித்திருந்தது வெளியே வந்து நாறிப்போனது. கொங்கணக் கரைக்கு ரஷ்யக் காடு! பரீட்சையில் காப்பி அடிக்கிற பையனாவது பக்கத்து பெஞ்சில் இருப்பவனைப் பார்த்து எழுதுவான், அடுத்த கண்டத்துக்குப் போக மாட்டான்.

இன்னொன்று. எடுக்கிற மணலின் கணக்கே ஒழுங்காக இருக்கிறதா? தமிழ்நாட்டில் ஆற்று மணல் 2003 அக்டோபரிலிருந்து அரசாங்கத்தின் கையில். 2023-ல் அமலாக்கத்துறை சோதனை நடத்தி, ஐஐடி கான்பூர் வல்லுநர்களை வைத்து 28 இடங்களில் அளந்தது. அனுமதி 4.05 லட்சம் யூனிட், எடுத்தது 27.70 லட்சம் யூனிட் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. வழக்கின் சட்டச் சிக்கல்கள் தனிக்கதை, அதற்குள் நான் போகவில்லை. என் கேள்வி ஒன்றுதான். லாரியில் ஏற்றி, நடைச்சீட்டு கிழித்து, காசு வாங்கிக்கொண்டு விற்கிற சரக்கிலேயே இத்தனை வித்தியாசம் என்று புகார் எழும் ஊரில், காசு பெறாத உப்புக்கொத்தி முட்டையை யார் எண்ணப் போகிறார்கள்?

*

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்றே ஊருக்குப் பேர். மலைக்கோயிலில் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போகும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், பார்த்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்ற வகை. 1990-களுக்குப் பிறகு அவை வருவதில்லை.

ஏன் வருவதில்லை? குவாரிதான் காரணம் என்று எழுதினால் இந்தப் பதிவுக்கு நல்ல மசாலா கிடைக்கும். எழுத மாட்டேன். இந்தியா முழுக்கப் பாறுக் கழுகுகள் சரிந்ததற்கு முதன்மைக் காரணம் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி என்று ஆய்வுகள் காட்டின. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ஆனால் இந்த மாவட்டத்தின் பாறைகளில் மொத்தம் எத்தனை ஜோடி இருந்தன, எந்தக் குன்றில் கூடு கட்டின, எந்த வருஷத்திலிருந்து குறைந்தன என்று யாராவது வருஷாவருஷம் குறித்து வைத்திருந்தால் இன்றைக்கு ஊசிக்கு எவ்வளவு பங்கு, பாறை உடைப்புக்குப் பங்கு உண்டா இல்லையா என்று பிரித்துச் சொல்லலாம். தினமும் நூற்றுக்கணக்கான பேர் பார்த்துக் கும்பிட்ட பறவைக்கே இந்தக் கதி. கும்பிட ஆளில்லாத ஓணானுக்கு?

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இங்கேயே இருக்கிறது. வேடந்தாங்கல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் 1790-களிலேயே, அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார்கள். எந்த ஆலோசனை நிறுவனமும் இல்லாமல் ஊரே செய்த மதிப்பீடு அது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ சரணாலயம் ஆனது. 2020-ல் அதை 3 கி.மீ ஆக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது ஞாபகம் இருக்கும். 2022-ல் வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

ஆனால் வேடந்தாங்கல் பறவைகளுக்கு லாட்ஜ் மாதிரி. தூங்க, குஞ்சு வளர்க்க. சாப்பாட்டுக்கு அவை சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான் போக வேண்டும். நத்தை குத்தி நாரை ஒரு முழங்கால் தண்ணீரில் நடந்து நத்தை தேடும். நாரையின் கால் எவ்வளவு நீளமோ அந்த ஆழம் வரைக்கும்தான் அதற்கு ஏரி. உள்வாயில் சரிவாக இருந்த தரையைச் செங்குத்தாக வெட்டி இருபது அடிப் பள்ளம் ஆக்கிவிட்டால் தண்ணீர் அதிகம் நிற்கும், வாஸ்தவம். நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கும். நாரை கரையில் நின்று வேடிக்கை பார்க்கும். "ஏரியை ஆழப்படுத்தினோம்" என்று நாம் போர்டு வைப்போம். ராம்சர் சான்றிதழை லாட்ஜ் வாசலில் மாட்டிவிட்டு ஊரில் இருக்கிற மெஸ்ஸை எல்லாம் மூடினால் எத்தனை நாளைக்கு ரூம் நிறையும்?

சவுடு விஷயத்தில் 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, "சவுடு" என்ற பேச்சுவழக்குப் பெயரில் அனுமதி கொடுக்கக் கூடாது, மண்ணில் என்ன இருக்கிறது என்று சோதித்த பிறகே கொடுக்க வேண்டும் என்று சொன்னது. மண்ணுக்குள் மணல் இருக்கிறதா என்று சோதிக்க உத்தரவு வந்துவிட்டது. மண்ணுக்குள் ஆமை இருக்கிறதா என்று சோதிக்க எப்போது வரும்?

*

இனி வழக்கமாக வரும் கேள்விகள். நானே கேட்டு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

"நீ வீடே கட்டலையா? ஜல்லி இல்லாம எப்படிக் கட்டுவ?" கட்டத்தான் வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கில் உலகம் ஆண்டுக்கு சுமார் 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் தின்கிறது. அதில் நம் எல்லோர் வீட்டுச் சுவரும் அடக்கம். குவாரியே கூடாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எந்த மலையை உடைக்கலாம், எதை விடணும், ஆற்றில் எந்த மாதம் இறங்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு எடு என்கிறேன். டாக்டரிடம் போகிறவன் "ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு வெட்டுங்க" என்றால் அவன் ஆபரேஷனுக்கு எதிரியா?

"அதான் எம்-சாண்ட் வந்துடுச்சே!" எம்-சாண்ட் ஆகாயத்திலிருந்து கொட்டுவதில்லை ராசா. அது அரைத்த பாறை. ஆற்றுக்குக் கிடைத்த நிம்மதிக்குக் கரடு விலை கொடுக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் கொஞ்சமாவது மணல் திரும்ப வரும். பாலாற்றில் அதுவும் சந்தேகம்தான். 2015, 2021 மாதிரி பொங்கி ஓடுகிற வருஷங்கள் அபூர்வம், மேலே தடுப்பணைகள் வேறு. ஆனால் உடைத்த குன்று எந்த வெள்ளத்திலும் திரும்ப வராது.

"பழைய குவாரிப் பள்ளத்துலதான் பறவைங்க நிறைய இருக்கு, குவாரி நல்லதுதானே?" இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. சென்னைக்குப் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தைகள் குடியிருப்பதைப் படம் எடுக்காத பறவைக்காரர் குறைவு. உண்மைதான். ஆனால் "கைவிடப்பட்ட" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வெடி நின்று, லாரி நின்று, சுற்றிக் காடும் மிச்சம் இருந்ததால் ஆந்தை வந்தது. தழும்பு ஆறியது காயத்தின் பெருமை இல்லை, உடம்பின் பெருமை. உடம்பையே விட்டுவைக்காவிட்டால் எது ஆறும்?

"காப்புக்காட்டுக்குப் பாதுகாப்பு இருக்கே?" இருந்தது. 2021 நவம்பரில் தமிழக அரசு ஒரு நல்ல ஆணை போட்டது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு இவற்றின் எல்லையிலிருந்து 1 கி.மீ வரைக்கும் குவாரி, கிரஷர் கூடாது என்று. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து "காப்புக்காடு" என்ற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஒரே வார்த்தை! செங்கல்பட்டுப் பக்கம் பெரிய தேசியப் பூங்கா கிடையாது, நமக்கு இருப்பதெல்லாம் சின்னச் சின்னக் காப்புக்காடுகள்தான். நம்மைப் பொறுத்தவரை அந்த ஒரு வார்த்தைதான் அந்த ஆணையே. இந்த ஒரு வருஷ இடைவெளியில் எத்தனை காப்புக்காடுகளின் விளிம்பில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து எடுத்த முடிவா அது?

"கல்பாக்கத்துல உக்காந்துகிட்டு அணு உலையை விட்டுட்டு ஜல்லியைப் பத்தி எழுதறியே?" ஹி ஹி. அணு உலையைப் பற்றிப் பேச உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். ஓணானுக்கு யார் இருக்கிறார்கள்? தவிர, இந்த ஊர் குடிக்கிற தண்ணீரே பாலாற்றுப் படுகைக் கிணறுகளை நம்பித்தான். மணல் என்பது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு. பஞ்சை எடுத்துவிட்டால் முகத்துவாரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நமக்கு உப்புத் தண்ணீர் உள்ளே ஏற எத்தனை நாள்? வாயலூரில் தடுப்பணை கட்டியது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். உப்புக்கொத்தியின் வீடும் நம்ம சொம்பும் ஒரே மணலில்தான் இருக்கின்றன.

கடற்கரைக்கும் கணக்கு உண்டு. ஆறு கொண்டுவந்து கொட்டும் மணல்தான் கரையை நிரப்புகிறது. நம்ம கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வரும். 2025 ஜனவரியில் சென்னையையொட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியது இழுவை வலைகளால் என்றார்கள். அதற்கு மணல் குவாரி காரணமில்லை. ஆனால் வலையில் தப்பிய ஆமைக்கு ஏறி முட்டையிட மணற்கரை வேண்டுமே. துறைமுகம், தூண்டில் வளைவு எல்லாம் ஒரு பக்கம் கரையைத் தின்னும்போது, ஆறு கொடுக்க வேண்டிய மணலையும் முன்கூட்டியே லாரியில் ஏற்றிவிட்டால் கரை எதை வைத்துத் தன்னை நிரப்பிக்கொள்ளும்?

*

திட்டியாச்சு. என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும் இல்லையா.

1. குத்தகையை வைத்து மதிப்பிடாதே, குன்றையும் ஆற்றுப் பகுதியையும் வைத்து மதிப்பிடு. ஒரு தாலுகாவில் உள்ள எல்லாக் குவாரிகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு.

2. உயிரினக் கணக்கெடுப்புக்கு ஒரு முழு வருஷம். குறைந்தபட்சம் ஒரு வடகிழக்குப் பருவமழை உள்ளே இருந்தாக வேண்டும். ராத்திரியும் பார்க்க வேண்டும். ஆந்தையும் தவளையும் ஆபீஸ் நேரத்தில் வராது.

3. குவாரிக்காரர் கட்டும் பணம் ஒரு பொது நிதிக்குப் போகட்டும். எந்த நிறுவனம் ஆய்வு செய்வது என்று ஆணையம் முடிவு செய்யட்டும். மாப்பிள்ளை வீட்டு ஆள் வேண்டாம்.

4. ஆய்வுக் குழுவில் ஒரு இருளர் கட்டாயம், சம்பளத்தோடு. எந்த வளையில் என்ன இருக்கிறது என்று படிக்க அவர்களுக்கு ஸ்பைரல் பைண்டிங் தேவையில்லை.

5. பட்டியல் மட்டும் போதாது. எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம் என்ற மூலத் தகவல் முழுதும் தமிழில் பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டப்பட வேண்டும். "இங்க உடும்பு இல்லைன்னா எழுதியிருக்கான்? நேத்துதானே பாத்தேன்" என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கும்.

6. மார்ச் முதல் மே வரை ஆற்று மணல் திட்டுகளில் இறங்காதே. ஏரியில் எடுத்தால் ஓரம் சரிவாக இருக்கட்டும், நாரை இறங்கி நடக்கிற மாதிரி.

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. (ராக்கெட், ரியாக்டர் எல்லாம் பண்ணத் தெரிந்த நாட்டுக்கு ஓணானை எண்ணத் தெரியாதா!)

அரசாங்கம் செய்யும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எழுதுகிற நாம் எல்லோரும் ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஏரி, ஒரு கரடு, ஒரு ஆற்றுத் துண்டு இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு காலையில் ஒரு மணி நேரம், ராத்திரியில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதி, எந்த இடம் என்று எழுதிப் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, "மூக்கு நீளமா, வால் ஆட்டிக்கிட்டு ஒண்ணு" என்று எழுதுங்கள், பெயர் சொல்ல ஆள் வருவார்கள். பறவை என்றால் இ-பேர்ட் தளத்தில் ஏற்றிவிடுங்கள். அடுத்த ஐப்பசியில் மறுபடி போய்ப் பாருங்கள்.

நாளைக்கு உங்கள் ஊர்க் கரட்டுக்குக் கருத்துக்கேட்பு என்று கலெக்டர் ஆபீஸில் கூட்டம் போட்டு, மைக் முன்னாடி ஒருத்தர் அறிக்கையைப் புரட்டி "அங்கே ஒன்றுமில்லை" என்று வாசிக்கும்போது, எழுந்து நின்று நோட்டைத் திறந்து தேதியோடு வாசிக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். கோபம் மட்டும் இருந்தால் உட்கார வைத்துவிடுவார்கள்.